கோணி போர்த்திய வீடு

எங்கள் அப்பாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யார் எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்தாலும் பக்கத்திலேயே நின்றுகொண்டு, சொம்பு வாயை விட்டு இறங்குவதற்குள், "தண்ணி எப்படி?" என்று கேட்டுவிடுவார். தபால்காரர், இஸ்திரி போடுகிறவர், வழி கேட்க நின்றவர் என்று ஒருவரையும் விட்டுவைத்ததில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண் எப்படி என்று கேட்பதற்கு முன்னால் தண்ணி எப்படி என்று கேட்ட தகப்பன் மயிலாப்பூரிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்த வரன் அமையவில்லை. தண்ணீர் நன்றாக இருந்தது என்று மட்டும் தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

குளத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போகிற தெருக்களில் ஒன்றில் எங்கள் வீடு. மொட்டை மாடிக்குப் போனால் கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். எங்களுக்கு இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. பெரும்பாலும் கை கால் கழுவத்தான் ஆகும். எங்கள் கிணறு மட்டும் இனிக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதிக் களைத்துத் திரும்புகிற அப்பா, அது ஏதோ தானே சர்க்கரை போட்டுக் கலக்கி வைத்தது என்பது போல நடந்துகொள்வார்.

குப்பத்திலிருந்து மீன் விற்க வருகிற அம்மாள் ஒருவர் தினமும் எங்கள் கேட்டோரம் கூடையை இறக்குவார். எங்கள் வீட்டில் மீன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இறக்குவார். தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, அப்பா கேட்பதற்காகவே கொஞ்சம் காத்திருப்பார். அப்பா கேட்பார். "எளநி கணக்கா கீது நைனா" என்பார் அந்த அம்மாள். அப்பாவுக்கு அன்றைய பொழுது நல்லபடியாகப் போய்விடும். இந்த ஒரு வார்த்தைக்காக நீங்கள் கிணற்றையே தூக்கிக் கொடுத்துவிடுவீர்கள் என்று அம்மா கேலி செய்வாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள், பாவம்.

தண்ணீர் கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். எழுபதுகளில் மழை ஏமாற்றிய ஒரு கோடையில் தெருக் குழாய் காற்றைத்தான் கக்கியது. அப்போது பின் வாசலைத் திறந்து வைத்துவிட்டார். ஆளுக்கு ஒரு குடம், இரண்டு குடம் என்று இறைத்துக்கொண்டு போவார்கள். ராட்டினம் நாள் பூராவும் கிரீச்சிடும். ஆனாலும் மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் பழைய மட்டத்துக்கு வந்திருக்கும். கயிற்றில் இறைக்கிற தண்ணீருக்கு ஓர் அளவு உண்டு. கை வலித்தால் மனிதர்கள் நிறுத்திவிடுவார்கள். இது எனக்கு அப்போது புரியவில்லை.

பக்கத்தில் ஒரு பழைய பங்களா இருந்தது. அதைத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் வாங்கினார். தெற்கத்திக்காரர், திருநெல்வேலிப் பக்கம். பெரிய குடும்பம், மேற்கு மாம்பலத்தில் ஒரு வாடகை வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். பங்களாவை இடித்துவிட்டு மாடி மேல் மாடியாக ஒன்று கட்டி, மகன்களையும் மருமகள்களையும் ஒரே கூரையின் கீழே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஆசை. நல்ல மனிதர். முதல் நாளே வீட்டுக்கு வந்து, இடிக்கிறபோது தூசி பறக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவை அண்ணாச்சி என்றும் அம்மாவை மதினி என்றும் கூப்பிட்டார். தம்பி இல்லாத அப்பாவுக்கு அதில் உச்சி குளிர்ந்துவிட்டது.

இடிக்கக் குத்தகை எடுத்தவன் மரத்தையும் கதவையும் கம்பியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். காசு பெறாத ரப்பீஸ், அதாவது காரையும் உடைந்த கல்லும் மண்ணும், மலையாகக் கிடந்தது. அதை லாரி பிடித்து ஊருக்கு வெளியே கொட்டுவது யார்? பங்களாவின் தோட்டத்தில் ஒரு கிணறு இருந்தது. புது வீட்டுக்கு வருகிற போர்ட்டிகோ சரியாக அதன் தலைமேல்தான் வருவதாகப் படத்தில் இருந்தது. ஆக ரப்பீஸுக்கு இடம் கிடைத்துவிட்டது. கிணற்றை மூடினால் அதற்கு மூச்சு விட வழி வைக்க வேண்டும் என்று ஒரு சாஸ்திரம் உண்டல்லவா? அதையும் மறக்காமல் நடுவில் ஓர் இரும்புக் குழாயை நட்டு, சூடம் கொளுத்திவிட்டு, மேலே மண்ணைத் தள்ளினார்கள். மூச்சு விட வழி செய்தார்கள். குடிக்க வழி இல்லாமல் போனது பிறகுதான் உறைத்தது. கட்டடம் கட்டத் தண்ணீர் வேண்டாமா?

ஜவுளிக்கடைக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே விட்டிருந்தார். இடிக்கிறவன் அவசரப்பட்டுவிட்டான், வேலை தொடங்கிவிட்டோம், உங்கள் தயவு வேண்டும் என்று கேட்டார். இதில் தயவு என்ன இருக்கிறது, இந்த வீட்டில் தண்ணீருக்கு இல்லை என்று சொன்னதில்லை என்றார் அப்பா. அன்றிலிருந்து சித்தாள் பெண்கள் எங்கள் பின் வாசல் வழியாகக் குடம் குடமாகக் கொண்டுபோனார்கள். அப்பா அவர்களிடமும் தண்ணி எப்படி என்று கேட்டார்.

அஸ்திவாரம் வரைக்கும் கிணறு தாங்கியது. சுவர் ஏற ஏற அதன் மட்டம் இறங்கியது. அம்மா கயிற்றில் இன்னொரு துண்டு முடிந்தாள். மேஸ்திரி ஒரு நாள் வந்து, முதல் மாடிக்குத் தளம் போடப்போகிறோம், இனிமேல்தான் தண்ணீர் நிறைய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். அவர் சைதாப்பேட்டைக்காரர். கான்கிரீட் போட்டு முடிந்ததும் தளத்தின் மேல் வயலுக்குப் போல வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், வெயிலில் அது வற்ற வற்ற நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் தளம் உறுதிப்படாது என்று விளக்கினார். "ரொப்பிக்கினே இருக்கணும் சார். கான்கிரீட்டு கொயந்த மாதிரி, குடிச்சிக்கினே கீது" என்றார்.

அப்பா தலையை ஆட்டினார். அம்மா ஆட்டவில்லை. அவளுக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றது. ஆனால் ஒரு வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் ஆகும் என்பதை இடுப்பால் அளந்தவள். ஜவுளிக்கடைக்காரர் வந்தபோது வழக்கமாக உள்ளேயே இருப்பவள் கூடத்துக்கு வந்தாள்.

"மல்லிப்பூ வாடாம இருக்கணும்னா ஈரத்துணியில சுத்தி வைக்கிறோம். அண்டாவுல முக்கியா வைக்கிறோம்? உங்க கடையில மூட்டை பிரிச்ச கோணி எவ்வளவு கிடக்கும், அதை நனைச்சுத் தளத்து மேல போர்த்துங்க. காலையில தெளிங்க, சாயந்திரம் தெளிங்க. வெயில் குடிக்கிற தண்ணி மிச்சம்" என்றாள்.

ஜவுளிக்கடைக்காரர் அம்மாவையே பார்த்தார். பம்பாயிலிருந்தும் சேலத்திலிருந்தும் வருகிற துணி பேல்களுக்கு மேலுறை அந்தக் கோணிதான். கடையின் பின்கட்டில் குவிந்து கிடக்கும், எடைக்குப் போடுவார்கள். "மதினி சொல்லுதது நூத்துக்கு நூறு. இது நமக்குத் தோணலையே" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

மேஸ்திரிக்குச் சிரிப்பு வேறு விதமாக வந்தது. "இன்னாம்மா, மெத்தைக்குப் போர்வை போத்தச் சொல்றே" என்றார். மாடியை மெத்தை என்று சொல்கிற ஊர் எங்களுடையது. மெத்தை என்றால் போர்வை இல்லாமலா என்று அம்மா திருப்பிக் கேட்டாள். சித்தாள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேஸ்திரிக்கு அதன்பிறகு வேறு வழியில்லை.

தளம் போட்ட அன்று அம்மா எங்கள் மொட்டை மாடியை விட்டு இறங்கவே இல்லை. எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஷிப்டு வேலை, அன்று வீட்டில் இருந்தேன். சித்திரை வெயில். கான்கிரீட் கொட்டி, மட்டப் பலகையால் இழுத்து முடித்த பக்கமெல்லாம் அம்மா கைப்பிடிச் சுவர் மேல் சாய்ந்துகொண்டு, காயறதுக்கு முன்னாடி போர்த்துங்க, காயறதுக்கு முன்னாடி போர்த்துங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். போர்த்தினார்கள். மாலைக்குள் அந்தத் தளம் முழுக்கப் பழுப்பு நிறக் கோணி. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு மில்லின் முத்திரை தலைகீழாகத் தெரிந்தது.

அடுத்து வந்த நாட்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அம்மா சொன்னது ஒன்று, அது பலித்தது. கோணியின் ஈரம் மதியம் வரை நின்றது. தண்ணீர் முன்னை விட எவ்வளவோ குறைவாகப் போனது. ஒன்று பலித்ததும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. செங்கல் ஊறப்போட்ட தொட்டித் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள், அதிலேயே கலவை போடலாமே என்றாள். போட்டார்கள். சட்டியும் மண்வெட்டியும் கழுவுகிற தண்ணீர் எங்கள் சுவரோரம் சுண்ணாம்புக் குழம்பாக ஓடிக்கொண்டிருந்தது. பாதியாக வெட்டிய தார் டிரம் ஒன்றில் அதைத் தெளிய விட்டு மறுபடி கழுவ வைத்துக்கொண்டார்கள். மிச்சக் கோணியைச் சாரத்தில் தொங்கவிட்டு நனைத்தார்கள், எங்கள் கொடியில் காய்கிற துணிமேல் தூசி வருவது நின்றது. உடைந்த செங்கல்லை வாரிக் கொட்டாமல் தரைக்கு அடியில் ஜல்லியாக இடித்துப் போட்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் தன்னைப் போலக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்த இன்னொரு கடைக்காரரை அழைத்து வந்து, எல்லாம் மதினி யோசனை என்று காட்டினார். அம்மா மாடியிலிருந்து முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கேட்காதது போல நின்றாள். அவள் வாழ்க்கையில் அவளைக் காட்டி யாரும் பெருமையாகப் பேசியதை நான் அந்த ஒரு முறைதான் பார்த்தேன்.

இன்றைக்கு இதற்கெல்லாம் பெரிய பெரிய பெயர்கள் வந்துவிட்டன. கட்டடத்தைச் சுற்றிப் பச்சை வலை கட்டுகிறார்கள், சாக்கு நனைத்துப் போடுகிறார்கள், வாசலில் போர்டு வைக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி வர வேண்டும். வருவது எரிச்சல்தான். எங்கள் தெருவில் ஒரு கோடை முழுக்க நடந்த காரியம் இது. அதை யாரும் தொடர விடவில்லையே என்கிற எரிச்சல்.

கோணியை எடுத்த பிறகு ஒரு நாள் மாலையில் ஜவுளிக்கடைக்காரர் வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. தளத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்றார். அப்பாவும் நானும் போய்ப் பார்த்தோம். மெல்லிசான ஒரு கோடு, ஒரு மூலையிலிருந்து நடு வரைக்கும் நெளிந்து நெளிந்து ஓடியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அப்பவே சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் நின்றார். படம் போட்டுக் கொடுத்த எஞ்சினீயர் வந்து குனிந்து பார்த்தார். நிச்சயமாக ஒன்றும் சொல்ல முடியாது, அடுத்த தளத்துக்கு வரப்புக் கட்டித் தண்ணீரே தேக்கிவிடுங்கள், அதுதான் பத்திரம் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போனார்.

நிச்சயமாகச் சொல்ல முடியாது என்ற வார்த்தை ஜவுளிக்கடைக்காரரை ஆட்டிவிட்டது. "எம் மருமக, பேரப்புள்ளைக எல்லாம் படுக்கப்போற எடம் அண்ணாச்சி. பயமா இருக்கு" என்றார் அப்பாவிடம். முதல் தளத்தில் உடனே தண்ணீர் கட்டி வைக்க வேண்டும், அடுத்த தளத்துக்கும் அதே போலக் கட்ட வேண்டும், சித்தாள் இறைத்து அது ஆகாது, உங்கள் கிணற்றில் ஒரு மோட்டார் இறக்கிக்கொள்ள விடுவீர்களா என்று கேட்டார். கரண்டு அவருடையதே என்றார்.

அம்மா கூடத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு அப்பா உள்ளே வந்தார். சமையலறையில் அவர்கள் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"குடத்துல எவ்வளவு வேணாலும் எடுத்துக்கட்டும். மோட்டார் மட்டும் வேணாங்க" என்றாள் அம்மா.

"வாசல்ல நின்னு கேக்குற மனுஷனை எப்படி இல்லைன்னு அனுப்புறது?"

"கேக்குறது அவரு. குடிக்கப்போறது மோட்டாரு. அதுக்குக் கை வலிக்காதுங்க."

அப்பாவுக்கு இது புரியாமல் இல்லை. ஆனால் அவர் மனதில் அந்த விரிசலும் ஓடிக்கொண்டிருந்திருக்கும். யோசனை நம் வீட்டிலிருந்து போனது. தளம் கெட்டுப்போனால் பழி நம் வீட்டு மேல் விழும். அந்தக் கடனைத் தண்ணீரால் கழித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அம்மாவும் அதற்கு மேல் பேசவில்லை. விரிசலைப் பார்த்த பிறகு அவளுக்குத் தன் வார்த்தை மேலேயே நம்பிக்கை போய்விட்டிருந்தது. எனக்கு அப்பா மேல் பொல்லாத கோபம். உங்கள் நல்ல பெயருக்குக் கிணற்றை விற்கிறீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் வெளியே போய், இறக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மோட்டார் வந்தது. அதன் இரைச்சலில் எங்கள் ராட்டினத்தின் சத்தமே கேட்கவில்லை. ரப்பர் ஹோஸ் எங்கள் சுவர் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. தளத்தில் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள், பளபளவென்று. காக்கைகள் குளித்தன. தெருமுனைக் குழாயில் காலிக் குடங்கள் வரிசையில் நிற்க, இங்கே ஆள் இல்லாத மாடியில் தண்ணீர் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த தளத்துக்கும் அதே கதைதான். அம்மா மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வடாம் பிழிவதைக்கூட அந்த வருஷம் விட்டுவிட்டாள்.

ஆடியில் எங்கள் வீட்டில் துவரம்பருப்பு வேகாமல் போனது. அம்மா மளிகைக் கடைக்காரரோடு சண்டை போட்டுப் பருப்பை மாற்றி வந்தாள். அதுவும் வேகவில்லை. மறுபடியும் போய், பழைய பருப்பைத் தலையில் கட்டுகிறீர்கள் என்று மாட வீதியில் நின்று சத்தம் போட்டாள். அந்த மனிதர் பேசாமல் மறுபடியும் மாற்றிக் கொடுத்தார். இந்தத் தடவை அதில் பாதியைக் கோபாலபுரத்தில் இருந்த என் சித்திக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள், கொடுமையை நீயும் பார் என்று காட்டுவதற்காக. சித்தி அவள் கண் முன்னாலேயே வேக வைத்தாள். பருப்பு வெண்ணெயாக வெந்தது.

அம்மா பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பின்பக்கம் போய், வாளித் தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் விட்டாள். பிறகு துப்பினாள். அந்தத் தண்ணீரைத் தினமும் குடித்துக்கொண்டுதான் இருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக மாறினதால் எங்கள் நாக்குக்குத் தெரியவில்லை.

அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒரு டம்ளர் வாங்கி மடமடவென்று குடித்தார். "ஒண்ணும் இல்லையே. உனக்கு நாக்குல கோளாறு" என்றார். மறுநாள் காலை மீன்கார அம்மாள் வந்து கூடையை இறக்கியதும், அப்பா சொம்போடு ஓடினார். அந்த அம்மாள் அண்ணாந்து குடித்தார். பாதியில் நிறுத்தினார். பிறகு மிச்சத்தையும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். தண்ணி எப்படி என்று அப்பா கேட்டார்.

"நல்லாத்தான் கீது நைனா" என்றார்.

எளநி என்று சொல்லவில்லை. அப்பா சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். அன்றைக்குப் பிறகு அவர் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆனால் கிணறு உப்பாகிவிட்டது என்றும் சொல்லவில்லை. அம்மாவும் நானும் தெருக் குழாயில் நின்று குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தோம். அப்பா மட்டும் கிணற்றுத் தண்ணீரையே குடித்தார். மழை வந்தால் சரியாகிவிடும் என்பார். பக்கத்து வீட்டாரிடம் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது, கட்டி முடிக்கிற வேளையில் மனிதர் மனசு கஷ்டப்படும் என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போன அன்று ஜவுளிக்கடைக்காரர் தட்டில் பழமும் வேட்டியும் வைத்துக் கொடுத்தார். அப்பா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை நன்றாகவே பெய்தது. கிணறு விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை ஏறியது. அப்பா வாளியை இறக்கி இறக்கிப் பார்த்தார். உப்பு போகவில்லை. பின்னாளில் விவரம் தெரிந்த ஒருவர் எனக்குச் சொன்னார்: கடலோரத்து மண்ணில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே பாலில் ஏடு மாதிரி மிதந்துகொண்டிருக்கும். மெதுவாக எடுத்தால் ஏடு மறுபடி கூடும். ஒரேயடியாக உறிஞ்சினால் கீழே இருப்பது மேலே வந்துவிடும், வந்தது சுலபத்தில் இறங்காது. அம்மாவுக்கு இந்த விளக்கம் கிடையாது. கை வலிக்காது என்று மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

கார்த்திகையில் பக்கத்து வீட்டு முதல் மாடியில் மொசைக் தரை போட ஆரம்பித்தார்கள். மொசைக் நன்றாகப் பிடிக்கத் தளத்தை லேசாகக் கொத்திவிடுவார்கள். அன்று மதியம் ஜவுளிக்கடைக்காரர் எங்கள் வீட்டுக்குள் ஓட்டமும் நடையுமாக வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஒரு சணல் நூல் சுருண்டு கிடந்தது, சிமெண்டு ஒட்டிக்கொண்டு.

"விரிசலே இல்ல அண்ணாச்சி! கோணி தச்ச நூலு. ஈரத்துல பதிஞ்சு அப்படியே கெடந்திருக்கு. இழுத்தா வந்துட்டு. தளம் கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டார். எத்தனை நாள் தூக்கமில்லாமல் கிடந்திருப்பாரோ. அப்பா அவர் தோளைத் தட்டி, நல்லதாப் போச்சு, நல்லதாப் போச்சு என்றார். அம்மா அந்த நூலை வாங்கிப் பார்த்தாள். காயறதுக்கு முன்னாடி போர்த்துங்க என்று அவள் வெயிலில் நின்று சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காப்பி போடட்டுமா என்று கேட்டாள். குழாய்த் தண்ணீரில் காப்பி போட்டுக் கொடுத்தாள். ஒரு நூலுக்காக ஒரு கிணறு போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். யாரைத் திட்டுவது? அங்கே கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

தையில் கிரகப்பிரவேசம். வாசலில் வாழை மரம், மேளம். காலையில் ஜவுளிக்கடைக்காரரின் மனைவி புதுப் பித்தளைக் குடத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பட்டுப்புடவை, நெற்றி நிறையக் குங்குமம். மாம்பலத்திலிருந்து அதுவரை ஓரிரு முறைதான் வந்திருக்கிறார், எதிர்த்துப் பேசாத, சத்தம் வராத அம்மாள். வீட்டுக்குள் முதலில் எடுத்துப் போகிற தண்ணீர் உங்கள் கிணற்றுத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும், அதில்தான் இந்த வீடே எழும்பியது என்று அவுக சொல்லிவிட்டாக என்றார்.

அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அங்கே கிளம்பத் தயாராக இருந்தார். அவர் குடத்தைக் கையில் வாங்கினார். வாங்கிக்கொண்டு நின்றார். குடிக்கிறவர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார், தன் நாக்கையே ஏமாற்றினவர்தானே. ஒரு புது வீட்டுக்குள் முதலில் போகிற தண்ணீரில் அவரால் பொய் சொல்ல முடியவில்லை.

"அது உப்புத் தண்ணிம்மா. உங்களுக்கு வேணாம்" என்றார்.

அந்த அம்மாள் அப்பாவைப் பார்த்தார். எங்கள் சுவருக்கு மேலே எழும்பி நின்ற தன் வீட்டைப் பார்த்தார். நல்ல தண்ணீர் கிணறு என்று கணவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்? எப்போதிருந்து என்று அவர் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர் கண் கலங்கிவிட்டது.

"உப்பும் தண்ணியுந்தான அண்ணாச்சி மொதல்ல உள்ள கொண்டு போவோம். ரெண்டையும் சேத்தே குடுங்க" என்றார்.

அப்பா கிணற்றடிக்குப் போனார். நெடுநாளைக்குப் பிறகு இன்னொரு வீட்டுக் குடத்துக்காக ராட்டினம் கிரீச்சிட்டது. குடத்தை நிரப்பி அந்த அம்மாள் இடுப்பில் ஏற்றிவிட்டது அம்மா. மஞ்சள் ஒரு துண்டு எடுத்து உள்ளே போட்டாள். அந்த அம்மாள் மெல்ல நடந்து போனார், மேளம் உரக்கக் கேட்டது. அவர் நல்ல மனதோடுதான் அதைச் சொன்னார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அப்பா கயிற்றைச் சுருட்டிக் கம்பத்தில் மாட்டிவிட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். நேரமாகிறது, வாங்கப்பா என்று கூப்பிட்டேன். அவர் திரும்பாமலே, ஊருக்குப் புதிதாய் வந்த யாருக்கோ சொல்வது போலச் சொன்னார்:

"எளநி மாதிரி இருந்துதும்மா."